முப்பத்தொன்றாம் படிகம்

பிப்ரவரி 11, செவ்வாய்

முப்பத்தொன்று இன்று உலையிலிருந்து இறங்கியது. பாப்பாவே கண்ணாடிக் குழாயை உடைத்து, பஞ்சில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

“பிடிங்க மேடம். கீழ போட்டீங்கன்னா நான் அழ மாட்டேன். டைரக்டர்தான் அழுவாரு.”

சுண்டுவிரல் அளவு. வெளிறிய ரோஜா நிறம். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஒரு கீறல் இல்லை, ஒரு குமிழி இல்லை. பதினோரு நாள் அந்தக் குழாயைக் கண்ணுக்கே தெரியாத நிதானத்தில் சூட்டிலிருந்து கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிடப் போனாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள்.

முப்பத்தொன்பது வயது. அவள் அண்ணனுக்கு அவள் இன்னும் பாப்பாதான். கல்யாணமாகி வந்த நாள் முதல் எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. போன வருடம் லேபில் வாய் தவறி “பாப்பா, அந்த இடுக்கிய எடு” என்று சொல்லிவிட்டேன். டைரக்டர் குனிந்து மேசைக்கடியில் குழந்தையைத் தேடினார். அன்றைக்கு அவளே ஒரு ஏற்பாடு செய்தாள்: கேட்டுக்கு வெளியே அண்ணி, உள்ளே மேடம்.

இந்தக் கல்லாவது பேச வேண்டும். நிறமில்லாத ஒரு பொருளுக்குள் பென்டசீன் என்கிற ஊதா மூலக்கூறைத் துளியிலும் துளி கலந்து வளர்க்கிறாள். மஞ்சள் லேசரைப் பாய்ச்சினால் அந்த ஊதா மூலக்கூறுகள் ஆற்றலை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் வரும் மெலிந்த மைக்ரோவேவுக்கு அப்படியே தூக்கிக் கொடுக்கும். மற்றவர்கள் இந்தக் காரியத்துக்கு அண்டாவளவு குளிர்பெட்டி வைத்து, எல்லாவற்றையும் உறைய வைத்து மாரடிக்கிறார்கள். எங்களுடையது மேசை மேல், சாதாரண அறைச் சூட்டில், மூடி போட்ட ஒரு செம்பு டப்பாவுக்குள். கைகூடினால் வானத்தின் கோடியிலிருந்து வரும் சிக்னலைக்கூடக் கருவியின் சொந்த இரைச்சல் இல்லாமல் கேட்கலாம்.

இருபத்தேழாம் படிகம் நவம்பரில் மூன்று மத்தியானம் பேசியது. திரையில் ஊசி மாதிரி ஒரு முனை. நானும் அவளும் கைகோத்துக்கொண்டு குதித்தோம், இந்த வயதில். டிசம்பரில் அது விரிசல் விட்டது. அதற்குப் பிறகு வந்த இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது மூன்றும் ஊமை.

பிப்ரவரி 13, வியாழன்

முப்பத்தொன்றும் ஊமை.

பிப்ரவரி 25, செவ்வாய்

எட்டு மத்தியானம் ஆயிற்று. காலையில் லேசர் பக்கத்துக் குழுவுக்கு. எங்களுக்கு ஒன்றிலிருந்து நாலு வரைதான். ஆகவே பத்து மணிக்கே செம்பு டப்பாவின் மூடியைத் திருகித் திருகி, மூலக்கூறு பேசும் அலைவரிசைக்குச் சரியாக நிறுத்திவைத்துவிடுகிறேன். மத்தியானம் கல்லை வைக்கிறோம், லேசரைப் போடுகிறோம், திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். முதுகில் வேர்வை வழிகிறது. இந்தக் கட்டிடத்து ஏசியைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை.

மதிப்பீட்டுக் குழு மார்ச் பதினாலாம் தேதி வருகிறது. காட்ட என்ன இருக்கிறது?

மார்ச் 3, திங்கள்

இன்று நடந்தது எனக்கே பிடிக்கவில்லை.

லேசர் ஓடிக்கொண்டிருந்தபோது பாப்பா சொன்னாள்: “மேடம், காலைல வச்ச டியூனிங் இப்பவும் அதே எடத்துல இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கலாமா?”

பார்க்க நாற்பது நிமிடம் ஆகும். கையில் இருப்பது மூன்று மணி நேரம். அறை வெப்பநிலை பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் இருபத்திரண்டு டிகிரி என்றுதான் இருக்கிறது, எதற்காக மாறப்போகிறது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. எங்கள் குழுவின் எலக்ட்ரானிக்ஸ்காரரை எதிரில் வைத்துக்கொண்டே, “நீ உன் உலைய பாத்துக்க. டப்பாவ நான் பாத்துக்கறேன்” என்றேன்.

லேபில் நான் அவளை ‘நீ’ என்றதில்லை. எலக்ட்ரானிக்ஸ்காரர் இல்லாத ஒரு வயரைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“சரிங்க மேடம்” என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 14, வெள்ளி

குழு வந்து போய்விட்டது. வெளியாட்கள் மூவர், டைரக்டர், நாங்கள்.

நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள் நேராகவே கேட்டார்: “குறை எந்தப் பக்கம்னு நினைக்கறீங்க? கருவியா, படிகமா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கருவி என் பொறுப்பு. பதினெட்டு வருடமாக மைக்ரோவேவைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். அந்த டப்பாவின் ஒவ்வொரு திருகும் நான் வரைந்து கொடுத்தது.

“கருவிப் பக்கம் எல்லாம் சரிபார்த்தாயிற்று. படிகத்தின் தரத்தில்தான் சந்தேகம் இருக்கிறது” என்றேன். சுத்தமான எழுத்துத் தமிழில் வந்தது. பயந்தால் எனக்கு அப்படித்தான் வரும்.

இரண்டு நாற்காலி தள்ளி பாப்பா ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பேனா நின்றது. தலை நிமிரவில்லை. கொஞ்சம் கழித்துப் பேனா மறுபடி ஓடியது.

வீட்டுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். அவள் நிறுத்தம் வந்ததும், “வரேன் அண்ணி.”

மார்ச் 15, சனி

நம்பித்தானே சொன்னேன். பொய் சொல்லவில்லையே.

மார்ச் 31, திங்கள்

பாப்பாவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. இனிமேல் படிகத்தை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவாம். டைரக்டர் என்னிடம் முன்கூட்டியே சொன்னார், வெள்ளிக்கிழமை. “உங்க வீட்டுக்காரரோட தங்கச்சின்னு தெரியும். சங்கடந்தான். ஆனா நீங்களே சொல்லிட்டீங்க இல்ல.”

நானே சொல்லிவிட்டேன் இல்ல.

கடைசி நாளில் அவள் உலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கையை விட்டு, தோள்வரைக்கும் விட்டு, பழைய கண்ணாடித் துகளையெல்லாம் தடவித் தடவி எடுத்தாள். “விடு, யாராவது பண்ணிப்பாங்க” என்றேன். “வர்றவங்க கைய கிழிச்சுக்கப் போறாங்க மேடம்” என்றாள்.

தன் நோட்டுப் புத்தகங்களைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். எது எவ்வளவு நாள், எவ்வளவு வேகம், பென்டசீனை எத்தனை முறை ஆவியாக்கிச் சுத்தம் செய்தாள், எல்லாம் அதில்தான். லேப் பதிவேட்டில் தேதியும் எண்ணும் மட்டும்தான் இருக்கும். யாரும் அவற்றைக் கேட்கவில்லை. நானும்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வீட்டில் பேச்சு சுருங்கிவிட்டது. முன்னறையில் அவர், பல் டாக்டர்களுக்குச் செய்து தருகிற பல் செட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அலமாரி முழுக்க பாரிஸ் சாந்துத் தாடைகள், எல்லாம் என்னைப் பார்த்து இளிக்கின்றன. காபி கொண்டுபோய் வைத்தேன்.

“நீ ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருக்கலாம்.”

“என்ன வார்த்த?”

“எனக்கென்ன தெரியும் உங்க லேப் வார்த்த? அவ நல்லா வேல செய்யறவன்னாவது சொல்லியிருக்கலாம்.”

தேய்க்கிற மிஷினை மறுபடி ஓட விட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மே 12, திங்கள்

வாங்கிய படிகம் வந்து சேர்ந்தது. வெல்வெட் பெட்டி, சான்றிதழ், சீல். மத்தியானம் வைத்துப் பார்த்தோம். அதுவும் ஊமை.

டைரக்டரிடம், வழியில் அடிபட்டிருக்கலாம் என்றேன். சொல்லும்போதே உள்ளுக்குள் ஏதோ சுருக்கென்றது. எதற்கு என்று யோசிக்காமல் கேன்டீனுக்குப் போய்விட்டேன்.

மே 29, வியாழன்

ஒழுங்காக எழுதுகிறேன், வரிசையாக.

ஏசி மெக்கானிக் சர்வீசுக்கு வந்திருந்தார். மத்தியானம் ஒரு மணி. ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: “எத்தன தடவ சர்வீஸ் பண்ணாலும் மத்தியானம் இங்க உக்கார முடியல. என்ன ரிப்பேரோ.”

“ரிப்பேரெல்லாம் இல்லீங்க மேடம். நாங்கதான் நிறுத்தறோம். பன்னெண்டரைக்கு ஆஃப், நாலு மணிக்கு ஆன். கரண்ட் மிச்சம் பண்ண. ஜனவரி ரெண்டாந்தேதிலேருந்து இப்பிடித்தான். எல்லாருக்கும் சர்க்குலர் வந்துச்சே?”

வந்தது. போய் எடுத்துப் பார்த்தேன். கீழே என் கையெழுத்து. பக்கத்தில் என் கையாலேயே ‘பார்த்தேன்’.

அவருடைய சட்டைப்பையில் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. வாங்கி மேசை மேல் வைத்தேன். இருபத்தேழு. பதிவேட்டில் இருபத்திரண்டு. அந்தப் பதிவுக் கருவி லேசர் பெட்டிக்குள் இருக்கிறது. லேசர் பெட்டிக்குத் தனிக் குளிர்ப்பான். அதை அங்கே ஒட்டியது யார்? நான்.

டப்பாவுக்குள் கல்லைச் சுற்றி இருக்கும் பீங்கான் வளையம் சூட்டுக்கு அசைந்து கொடுக்கிற ஜாதி. இது எனக்குத் தெரியாதா? இதைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறேன். ஒரு டிகிரிக்கு ஒரு மெகாஹெர்ட்ஸுக்கும் மேல் நகரும். காலையில் பத்து மணிக்குச் சரியாக நிறுத்திய டப்பா, மத்தியானம் ஆறு மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தது. ஒன்று விலகினாலே கேட்காது. கல் அதன் இடத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நான் வேறு வாசலில் காதை வைத்துக்கொண்டு, ஊமை, ஊமை என்று—

அஞ்சு மாசமா வேர்த்துக் கொட்டிட்டு உக்காந்திருந்தேனே. வேர்வையத் துடச்சுக்கிட்டே ‘இருபத்திரண்டு’ன்னு எழுதினேனே. மண்டைல ஏறலியே.

மூடியைத் திருகி ஆறு மெகாஹெர்ட்ஸைத் திரும்பப் பிடித்தேன். பாப்பாவின் முப்பத்தொன்றை எடுத்து வைத்தேன். லேசர்.

எழுந்து நின்றது. நவம்பரில் பார்த்ததைவிட இரண்டு மடங்கு உயரம்.

நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. மெக்கானிக் ஏணியிலிருந்து, “என்னாச்சு மேடம், ஷாக் அடிச்சிடுச்சா?” என்றார்.

மே 30, வெள்ளி

வாங்கிய படிகத்தையும் வைத்துப் பார்த்தேன். அதுவும் பேசுகிறது, ஆனால் முக்கி முனகி. முப்பத்தொன்றின் கால்வாசி இல்லை.

டைரக்டர் ஓடி வந்தார். திரையைப் பார்த்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நான் சொன்னேன் இல்ல? வெளியிலேருந்து வாங்கினதும் வேல நடந்துடுச்சு பாத்தீங்களா!”

டப்பாவுக்குள் இருந்தது முப்பத்தொன்று. மூடி மூடியிருந்தது. அவர் கேட்டது கேள்விகூட இல்லை. பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லாத மாதிரிதான் இருந்தது.

தலையாட்டினேனா?

ஆட்டினேன்.

ஜூன் 2, திங்கள்

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 4, புதன்

டைரக்டர் ஊரில் இல்லை. (போன் இருக்கிறது.)

ஜூன் 9, திங்கள்

கட்டுரை எழுதத் தொடங்கியாயிற்று. படங்கள் எல்லாம் முப்பத்தொன்றினுடையவை, அவைதான் அழகு. ‘படிகம்’ என்று தலைப்புப் போட்டு, யார் வளர்த்தது, எப்படி என்று எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மற்றப் பத்திகளைத் திருத்தித் திருத்தி மெருகேற்றுகிறேன். அந்தக் காலி இடத்தைக் கடக்கும்போது மட்டும் பக்கத்தை வேகமாக உருட்டிவிடுகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பாப்பா வந்திருந்தாள், மார்ச்சுக்குப் பிறகு முதல் முறையாக. பெயிண்ட் கம்பெனியில் நிறம் சரிபார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது. “காலைல ஒரு வெள்ளை வரும், சாயங்காலம் ஒரு வெள்ளை வரும். ரெண்டும் ஒரே வெள்ளதானான்னு நான் சொல்லணும். சொல்லிட்டா வீட்டுக்குப் போயிடலாம்.” அவள் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று.

எங்கள் மகள் கேட்டாள்: “அத்தை, மறுபடி கல்லு வளக்க மாட்டீங்களா?”

“இல்லடா. அத்தைக்குக் கை சரியில்ல.”

சாப்பிட்ட பிறகு பாத்திரம் துலக்கும்போது அவளே பக்கத்தில் வந்து நின்றாள். நான் தேய்க்க, அவள் கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் சொல்ல ஆரம்பித்தாள்.

“அண்ணி, ஒங்ககிட்ட ஒண்ணு மறச்சுட்டேன். முப்பத்தொண்ணு வளந்துகிட்டிருந்தப்ப ஆறாவது நாள் கரண்ட் போச்சு. நாலு நிமிஷம். பேட்டரி எடுத்துக்கிச்சு, ஆனா சூடு ஒரு டிகிரி எறங்கி ஏறிச்சு. நோட்ல எழுதினேன். ஒங்ககிட்ட சொல்லல. கல்லு பாக்க நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன். அதுலதான் கெட்டிருக்கும். நீங்க அன்னைக்கு மீட்டிங்ல சொன்னது சரிதான். எனக்குக் கோவமெல்லாம் இல்ல.”

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

“அந்த நோட்டெல்லாம் வச்சிருக்கியா?”

“பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டேன். பதினாலு நோட்டு. அலமாரியத் தெறந்தா அந்த நாலு நிமிஷந்தான் ஞாபகம் வந்துச்சு.”

ஒரே தட்டை நான் மூன்று முறை தேய்த்திருக்கிறேன். அவள்தான் கையிலிருந்து வாங்கினாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லலியே. சொல்லலியே. என்ன பொம்பள நான்?

ஜூன் 23, திங்கள்

டைரக்டர் அறைக்குப் போனேன். நின்றபடியே சொன்னேன், உட்கார்ந்தால் எழுந்து வந்துவிடுவேன் என்று தோன்றியது. ஏசி, டப்பா, ஆறு மெகாஹெர்ட்ஸ், முப்பத்தொன்று, நான் தலையாட்டியது, எல்லாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

“யாருக்காவது தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப இப்ப எதுக்கு? கட்டுரை போகட்டும். அவங்கள வேற ஏதாவது வழில திரும்பக் கூப்டுக்கலாம். மதிப்பீட்டுக் குழுகிட்ட போய், நாங்க சொன்னது தப்புன்னா சொல்லப் போறீங்க? ஒங்க தலைல நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கறீங்க.”

குழுவுக்கு எழுதிய கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். நேற்றே எழுதியிருந்தேன். அதில் எழுத்துத் தமிழ்தான். ஆனால் இந்தத் தடவை பயத்தில் எழுதியதில்லை.

ஜூன் 25, புதன்

வீட்டில் அவரிடம் சொன்னேன். கையில் ஒரு கீழ்த்தாடை. முன்பல் ஒன்றை மெழுகில் நிறுத்திக்கொண்டிருந்தார். நான் முடிக்கிறவரை அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்கிட்ட ஏன் சொல்ற?”

“பின்ன யார்கிட்ட—”

“அவகிட்ட சொல்லு. என்கிட்ட சொல்லி நான் போய்ச் சொல்லணுமா?”

சரியாகப் பிடித்துவிட்டார். அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன்.

ஜூன் 28, சனி

பாப்பாவின் வீடு. மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். “வாங்க அண்ணி, என்ன திடீர்னு?” என்று கட்டிலில் இடம் ஒதுக்கினாள்.

சொல்லிவிட்டேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றுகூட வரவில்லை. “ஒன் கல்லுல ஒண்ணுமில்ல பாப்பா. தப்பு என்னுது” என்றுதான் ஆரம்பித்தது.

அவள் முதலில் கேட்டது: “எத்தன மெகாஹெர்ட்ஸ்?”

“ஆறு.”

“ஆறா!” ஒரு நொடி அவள் முகத்தில் பழைய பாப்பா தெரிந்தாள். “அப்ப உயரம்? இருபத்தேழு அளவுக்கு வந்துச்சா?”

“ரெண்டு மடங்கு.”

மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உதடு சிரிக்கிற மாதிரி போயிற்று, பிறகு வேறு மாதிரி ஆயிற்று.

“தெனம் காலைல கண்ண முழிச்சா அந்த நாலு நிமிஷந்தான் அண்ணி. பல்லு வெளக்கறப்பகூட. நாம எழுந்து ஓடிப்போய்ப் பாத்திருக்கணுமோ, சூட்டக் கூட்டியிருக்கணுமோன்னு...”

“மன்னிச்சிடு” என்றேன். அந்தச் சொல் அந்த அறையில் ரொம்பச் சின்னதாக விழுந்தது.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, உலையின் சூட்டைக் கேட்கிற அதே நிதானத்தோடு கேட்டாள்: “ஒங்களுக்கு எப்ப தெரிஞ்சது?”

பொய் சொல்ல ஓர் இடம் இருந்தது. இந்த வாரம் என்று சொல்லியிருக்கலாம்.

“மே இருபத்தொம்பது.”

விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். உதடு அசைந்தது. “முப்பது நாள்.”

“ஆமா.”

“போன ஞாயித்துக்கெழம, பாத்திரம் கழுவறப்ப, ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“நான் என் தப்புன்னு சொல்லிட்டு நிக்கறேன். நீங்க தேச்சுக்கிட்டு நிக்கறீங்க.”

கட்டிலிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன்.

“அன்னைக்கு மீட்டிங்ல சொன்னீங்களே, அது போகட்டும் அண்ணி. ஒங்களுக்கே தெரியாம சொன்னது. யாரு வேணா அப்பிடித் தப்பு பண்ணலாம், நான்கூடப் பண்ணுவேன். ஆனா இந்த முப்பது நாள்...” வாக்கியத்தை முடிக்கவில்லை. துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். “நீங்க கெளம்புங்க. நான் கோவத்துல சொல்லல. இப்ப நீங்க இங்க இருந்தா எனக்கு மூச்சு விட முடியல.”

மாடிப்படியில் இறங்கும்போது பின்னால் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. அறைந்து சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 14, திங்கள்

மதிப்பீட்டுக் குழு கடிதத்தைப் பதிவு செய்துகொண்டது. திட்டத் தலைமையிலிருந்து என்னை விலக்கியிருக்கிறார்கள். எலக்ட்ரானிக்ஸ்காரர் பொறுப்பேற்கிறார். எனக்குக் கருவிகளைச் சரிபார்க்கிற பிரிவு, தரைத்தளம். அவர் வந்து சங்கடப்பட்டுக்கொண்டு நின்றார். “நீங்க இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாதுங்க” என்றார். முதல் வேலையாகத் தெர்மாமீட்டரை டப்பாவிலேயே ஒட்டச் சொன்னேன்.

கட்டுரையில் காலி இடத்தை நிரப்பியாயிற்று. முதல் பெயர் அவளுடையது. டைரக்டர் ஒரு தடவை எதிர்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாப்பா அண்ணனைப் பார்க்க வந்தாள். நான் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து.

செப்டம்பர் 2, செவ்வாய்

அவளைத் திரும்ப வரும்படி டைரக்டர் எழுதியிருந்தார். நிரந்தர வேலையாகவே. பதில் இரண்டு வரி. நன்றி, விருப்பமில்லை.

உலையில் இப்போது வேறொருவர். நல்ல உழைப்பாளிதான். மூன்று கல்லும் வெடித்துவிட்டன. “வேகம் என்னன்னு எங்கயாவது எழுதி வச்சிருக்காங்களா?” என்று என்னிடம் வந்து கேட்டார். பதினாலு நோட்டு எந்தக் கடையில் எதைப் பொட்டலம் கட்டிற்றோ. தெரியாது என்றேன்.

நவம்பர் 20, வியாழன்

கட்டுரை அச்சில் வந்துவிட்டது. ஒரு பிரதி எடுத்து அவரிடம் கொடுத்தேன், தங்கையிடம் சேர்த்துவிடும்படி. மாலையில் கேட்டேன். “குடுத்தேன். பேரத் தடவிப் பாத்தா. அப்பறம் பையில வச்சுக்கிட்டா” என்றார்.

டிசம்பர் 18, வியாழன்

மகள் வழியாகத்தான் தெரிந்தது. கட்டுரையைப் பார்த்துவிட்டு வேறு ஊர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று பாப்பாவுக்கு எழுதியிருக்கிறதாம். தனி உலை, தனி அறை. நோட்டு இல்லை என்று சொன்னாளாம். பரவாயில்லை, முதலிலிருந்து வளர்த்துப் பாருங்கள் என்றார்களாம். மூன்று வாரமாகப் போகவா வேண்டாமா என்று யோசித்திருக்கிறாள். அண்ணனிடம் கேட்டிருக்கிறாள், மகளிடம்கூடக் கேட்டிருக்கிறாள்.

போன வருடம் இதே மாதம், புடவை எந்த நிறம் எடுக்கலாம் என்பதுவரை என்னிடம் கேட்பாள்.

ஜனவரி 11, ஞாயிறு

பத்தரை மணி ரயில். அவரும் மகளும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. செருப்பைப் போடும்போது கொஞ்ச நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டார். அது எனக்காகத்தான் என்று தெரியும். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். வேலையும் இருந்தது, ஜன்னல் திரைகளை எல்லாம் கழற்றித் துவைத்தேன்.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தார்கள். ரயில் கால் மணி தாமதமாம். ஜன்னலோர இடம் கிடைத்ததாம். மகள் தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னாள்:

“அத்தை ஒங்கள கேட்டாங்கம்மா.”

“என்ன கேட்டா?”

“என்னன்னு இல்ல. கேட்டாங்க. அவ்ளோதான்.”

“எப்ப? ரயில் ஏறறதுக்கு முன்னாடியா, ஏறினதுக்கப்பறமா?”

“ஏறி உக்காந்ததுக்கப்பறம். வண்டி நகர்றப்ப.”

சாப்பிடும்போது இன்னொரு தடவை கேட்டேன். திரையைக் கொடியிலிருந்து எடுக்கும்போது இன்னொரு தடவை. அவள் அலுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னாள்.